தோல் பர்ஸ், பை தைக்க மெஷின்: பிளாட் பெட்டா, சிலிண்டரா?

கைநூல் (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகக் கையால்தான் தைக்கிறேன். இரண்டு ஊசி, மெழுகு நூல், மடியில் மரக் கிடுக்கி. பர்ஸ் ஒன்றுக்குத் தையலுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் போகிறது. இப்போது ஒரு கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுக்க 60 பர்ஸ் கேட்டிருக்கிறார்கள், ஆசையில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் கணக்குப் போட்டால் 150 மணி நேரம் வருகிறது, வேலைக்கும் போய்க்கொண்டு இது நடக்காது.

அம்மாவின் கால் மெஷினில் முயன்று பார்த்தேன். இரண்டு அடுக்கு வரை தைக்கிறது. கார்டு பாக்கெட் படி ஏறும் இடம் வந்ததும் நின்றுவிடுகிறது, வீலைக் கையால் தள்ளினால் ஒரே ஓட்டையில் நாலு தையல். "ரவிக்கை தைக்கிற மெஷின்ல மாட்டைத் தைக்காதே" என்று அம்மா தடை போட்டுவிட்டார்.

பட்ஜெட் 50 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் மேலே. பர்ஸ்தான் அதிகம், பையும் செய்ய ஆசை. வீடியோ பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் பிளாட் பெட் (மேசையோடு சமமாகத் தட்டையாக இருப்பது) என்கிறார், ஒருவர் சிலிண்டர் (கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உருளை மேல் தைப்பது) இல்லாமல் பை தைக்கவே முடியாது என்கிறார், கையால் சுற்றும் செருப்பு மெஷின் போதும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்?

பெரியமேட்டுக்காரன் (சென்னை)

மெஷின் பெயரைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள் தம்பி. மூன்று விஷயம் சொல்லுங்கள். தைக்கிற இடத்தில் அதிகபட்சத் தடிமன் எத்தனை மி.மீ.? என்ன நம்பர் நூல்? பை என்றால் எந்த மாதிரிப் பை? இது தெரியாமல் மெஷின் சொல்கிறவர், தன் வீட்டில் இருக்கும் மெஷினைத்தான் சொல்வார்.

சைக்கிள்கடை (விழுப்புரம்)

கைச்சுழல் மெஷின் வாங்குங்கள். நான் வைத்திருக்கிறேன், விலை உங்கள் பட்ஜெட்டில் கால்வாசிகூட வராது, கரண்ட் வேண்டாம், ஃபுட்டை, அதாவது தோலை மேலே இருந்து அழுத்திப் பிடிக்கும் பாதத்தை, எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் தைக்கும்.

ஊசிமுனை (திருப்பூர்)

@சைக்கிள்கடை அண்ணா, 60 பர்ஸை ஒரு கையால் சுற்றிக்கொண்டு இன்னொரு கையால் நேர்க்கோடு பிடிக்கச் சொல்கிறீர்களா? பழைய சிங்கர் 29கே வரிசை மெஷினின் வழியில் வந்தது அது. அந்த மெஷின் எதற்கு என்றால், தைத்து முடித்த செருப்பு, ஷூவுக்குள் நீளமான கையை நுழைத்து ஒட்டுப் போட. அதனால்தான் ஃபுட் சுற்றுகிறது. கீழ் நூல் சுற்றும் பாபின் சின்னது, நூல் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேல் ஃபுட்தான் தோலைப் பிடித்து இழுக்கிறது, அதன் பல் தடம் நல்ல பக்கத்திலேயே விழும். கிழிந்த ஸ்கூல் பைக்கு அருமையான மெஷின்தான், மறுக்கவில்லை.

கைநூலுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் பார்ப்பது மெஷின் ரிப்பேர் வேலை. தோல் எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். எங்கள் ஊர் கம்பெனிகளில் வரிசையாக நிற்குமே சிங்கிள் நீடில், ஜூக்கி டிடிஎல்-8700 மாதிரி, அதில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் துணியைத் தள்ளும். மேலே ஃபுட் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கும். துணிக்கு அது போதும். தோல் அப்படி இல்லை, மேல்பக்கம் ஃபுட்டில் ஒட்டிக்கொள்ளும், கீழ்ப்பக்கத்தைப் பல் தள்ளும், இரண்டு அடுக்கும் வேறு வேறு வேகத்தில் போகும். படி வந்தால் ஃபுட் முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் அம்மா மெஷினில் ஒரே ஓட்டையில் நாலு தையல் விழுந்தது இதனால்தான், மெஷினுக்குப் பலம் இல்லாததால் மட்டும் அல்ல.

கம்பவுண்ட் ஃபீட் என்கிற மெஷினில் ஊசி தோலுக்குள் இறங்கிய பிறகு, கீழே பல், நடுவில் ஊசி, மேலே உள் ஃபுட் மூன்றும் சேர்ந்து ஒரே அடியில் பின்னால் நகரும். அது நகரும்போது வெளி ஃபுட் தூக்கிக்கொண்டு நிற்கும், ஊசி மேலே வரும்போது வெளி ஃபுட் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நம் இரண்டு கால் மாதிரி. படியை அது ஏறிப்போகும், முட்டாது.

இங்கேதான் ஒரு ஏமாற்று இருக்கிறது. "வாக்கிங் ஃபுட் சார்" என்று கடையில் காட்டுவதில் சிலவற்றில் மேல் ஃபுட்டும் பல்லும் மட்டும் நகரும், ஊசி நகராது. எப்படிக் கண்டுபிடிப்பது? மோட்டாரைப் போட வேண்டாம், தையல் நீளத்தை அதிகபட்சத்தில் வைத்து, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி கீழே இருக்கும்போது பின்பக்கமாக ஊஞ்சல் மாதிரி நகர்ந்தால் கம்பவுண்ட். நேராக மேலும் கீழுமாக மட்டும் போய் வந்தால் இல்லை.

சைக்கிள்கடை (விழுப்புரம்)

சரி சரி, ஒட்டுப் போடுகிறவன் ஒட்டுப் போடுகிறேன். ஆனால் ஒன்று, என்னுடையது வந்த அன்று வார்ப்பு எல்லாம் சொரசொரப்பு, நூல் போகிற வழியெல்லாம் எமரித் தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் நூல் அறுவது நின்றது. வாங்குகிறவர்கள் அதற்குத் தயாராக வாங்குங்கள்.

கைநூல் (கோவை)

@பெரியமேட்டுக்காரன் சார், அளந்துவிட்டு வருகிறேன் என்று நேற்றுப் பதில் போடவில்லை.

தோல் திண்டுக்கல்லில் இருந்து வாங்கும் ஈ.ஐ. தோல், மரப்பட்டையில் பதப்படுத்தியது. பர்ஸுக்கு வெளித்தோல் 1.2, உள் பாக்கெட் 0.8. ஒரு பக்கம் நாலு பாக்கெட், அதனால் ஓரத்தில் 4.4 மி.மீ. வருகிறது. பைக்கு 1.8 தோல், கைப்பிடி சேரும் இடத்தில் ஏழு, எட்டு மி.மீ. போகும். நூல் இதுவரை மெழுகு நூல்தான், மெஷினுக்கு என்ன நம்பர் என்று தெரியாது. பை என்றால் ஒன்று சாதாரண டோட் பை, இன்னொன்று பெட்டி மாதிரிப் பக்கப் பட்டை வைத்துத் தைக்கும் சின்னத் தோள்பை.

மேல்தையல் (ஆம்பூர்)

ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் செக்‌ஷனில் 14 வருடம். நாங்கள் அதிகம் ஓட்டுவது போஸ்ட் பெட், தூண் மாதிரி நிற்கும், ஃபுட்டுக்குப் பதில் சின்ன உருளை இருக்கும். அது உங்களுக்கு வேண்டாம், வளைவுக்குத்தான் அருமை.

எனக்கு உறுத்துவது அந்த 4.4. பர்ஸ் ஓரம் 4.4 மி.மீ. இருந்தால் பாக்கெட்டில் போட்டால் செங்கல் மாதிரி இருக்குமே. ஓரத்தைச் சீவி மெலிசாக்கவே இல்லையா? வெளித்தோல் ஓரத்தைப் பாதியாகச் சீவுங்கள். நாலு பாக்கெட்டையும் ஓரம் வரை முழுசாகக் கொண்டுவராமல் டி வடிவில் வெட்டுங்கள், மேல் காது மட்டும் ஓரத்துக்கு வரும், ஒவ்வொன்றின் காதும் வேறு வேறு உயரத்தில் நிற்பதால் ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. முன்னால் வரும் கடைசிப் பாக்கெட் மட்டும் முழு அகலம். இப்படிச் செய்தால் ஓரம் எங்கேயும் இரண்டு, இரண்டரை மி.மீ. தாண்டாது. அப்போது மெஷின் ஏறுவதற்குப் பெரிய படியே இருக்காது. கையால் தைக்கும்போது சீவாமல் தப்பிக்கலாம், ஒவ்வொரு ஓட்டையும் நீங்கள் போடுவது. மெஷின் அந்தப் படியை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடும்.

நூல்: கடையில் பாண்டட் நைலான் கேளுங்கள். நம்பர் கூடினால் நூல் மெலிசு, அதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பர்ஸுக்கு 40 நம்பர் நூல், 110 ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. பைக்கு 20 நம்பர் நூல், 140 ஊசி, நீளம் 4. பாபினிலும் அதே நூல், அல்லது ஒரு படி மெலிசு. தடித்த நூலைச் சின்ன ஊசியில் கோத்தால் தையல் விடும், நூல் பிசிர் விடும், உடனே எல்லோரும் நூல் இறுக்கும் டென்ஷனைத் திருக ஆரம்பித்துவிடுவார்கள். டென்ஷன் பாவம்.

தையல் தீக்குச்சி (நெல்லை)

மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துவிடும். கைத்தையலில் இரண்டு நூலும் ஒவ்வொரு ஓட்டையிலும் குறுக்கே போவதால் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷினுக்குப் போவது கைவினையைக் கைவிடுவது. என் கருத்து.

பை அக்கா (மதுரை)

தம்பி, கைத்தையல் உசத்திதான். 150 மணி நேரத்தில் பாதியை நீங்கள் வந்து தைத்துக் கொடுப்பீர்களா? பர்ஸில் முதலில் போவது மடிப்பும் ஓரமும் உள் லைனிங்கும்தான். நான் ஆறு வருடமாக மெஷினில் தைத்து விற்கிறேன், தையல் பிரிந்தது என்று திரும்பி வந்தது எண்ணி இரண்டு, இரண்டும் முடிவில் நூலை நான் சரியாக அடைக்காதது.

கைநூல், நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். மூடிப்போன ஒரு கம்பெனியின் மெஷின் என்று மலிவாக ஒரு சிலிண்டர் பெட் வாங்கினேன். தலை நல்ல தலை, ஜெர்மன். வேனில் ஏற்றி மதுரை கொண்டுவந்து, நாலு பேர் பிடித்து மாடியேற்றி, பிளக்கைத் தேடினால் பிளக் இல்லை, நாலு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கிறது. த்ரீ ஃபேஸ் மோட்டார்! எங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். விற்றவரைக் கூப்பிட்டால் "நீங்க கேக்கலையே மேடம்" என்றார். நான் கேட்கவில்லை என்பது உண்மைதான், அதனால்தான் இன்னும் கோபம்.

ஊசிமுனை (திருப்பூர்)

அக்கா, அது ஒருவிதத்தில் நல்லது, அந்தக் கிளட்ச் மோட்டாரை நீங்கள் வீட்டில் ஓட்டியிருந்தால் விரலைத் தைத்திருப்பீர்கள். கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதில் இருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து மெஷினுக்கு அந்த வேகம் போகும். பழகிய கால் பாதி மிதியில் நிறுத்தும், புதுக்கால் முழுசாக மிதித்துவிடும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும், வேகத்துக்கு வரம்பு வைக்கலாம், சத்தம் இல்லை, சும்மா இருக்கும்போது கரண்டும் இழுக்காது.

ஆனால் சர்வோவிலும் ஒரு சிக்கல். ரொம்ப மெதுவாக ஓட்டும்போது சிலதுக்கு இழுவை போதாது, தடிமனான இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் அதிகமாக மிதித்தால் துள்ளி ஓடும். மோட்டாரில் இருக்கும் புல்லியைச் சின்னதாக மாற்றுங்கள், வேகம் குறையும், இழுவை கூடும். அதுவும் போதாவிட்டால் நடுவில் இன்னொரு பெரிய புல்லி வைத்து வேகத்தை மூன்றில் ஒன்றாக்கலாம். வேகம் குறைகிற அளவுக்கு இழுவை ஏறும். பர்ஸுக்கு நடுப் புல்லி தேவைப்படாது.

பை அக்கா (மதுரை)

அதைத்தான் கடைசியில் செய்தேன், சர்வோ போட்டேன். இப்போது என் மெஷின் நான் சொன்னபடி ஒரு தையல் ஒரு தையலாக இறங்குகிறது. சிலிண்டரே வாங்குங்கள் தம்பி, மேலே ஒரு பலகை மாட்டினால் பிளாட் பெட் ஆகிவிடும். பிளாட் பெட்டைச் சிலிண்டர் ஆக்க முடியுமா?

தாராவி தம்பி (மும்பை)

அக்கா மன்னிக்கணும், நான் உடன்படவில்லை. எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் இருந்து இங்கே தோல் ஷாப்பில் வேலைக்கு வந்தவர், மூன்றாவது தலைமுறை நான் பை தைக்கிறேன். எங்கள் சந்தில் 10க்கு 12 அறையில் நாலு மெஷின் இருக்கும், நாலும் பிளாட் பெட். கடையில் நீங்கள் பார்க்கும் லேடீஸ் பை, லேப்டாப் பை பெரும்பாலும் பிளாட் பெட்டில் தைத்ததுதான். எப்படி? பையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி வைத்து ஓரம் தைத்து, அப்புறம் திருப்புகிறோம். பாக்கெட், ஜிப், பட்டை, கைப்பிடி எல்லாம் பை தட்டையாகக் கிடக்கும்போதே தைத்து முடிந்துவிடும். கடைசியில் மூடுவது மட்டும்தான் முப்பரிமாணம். சிலிண்டர் எப்போது வேண்டும் என்றால், பெட்டி மாதிரிப் பையை வெளியே தையல் தெரிகிற மாதிரி, திருப்பாமல் தைக்கும்போது. கெட்டியான தோலைத் திருப்ப முடியாது, அப்போதும் வேண்டும்.

கைநூலின் கணக்குப்படி 60 பர்ஸ், பர்ஸ் முழுக்கத் தட்டை. பர்ஸ் தைக்க அகலமான மேசை எவ்வளவு சுகம் என்று சிலிண்டரில் பலகை மாட்டித் தைத்தவருக்குத்தான் தெரியும், அந்தப் பலகை எப்போதும் ஒரு நூலளவு ஏறியோ இறங்கியோதான் நிற்கும், அந்தப் படியில் பர்ஸ் முனை மாட்டும்.

பை அக்கா (மதுரை)

என் பலகை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, எங்கள் தெரு ஆசாரி இழைத்துக் கொடுத்தது. ஆனால் அவருடைய தோள்பைக்குப் பக்கப் பட்டை இருக்கிறதே, அதற்கு என்ன பதில்? ஈ.ஐ. தோல் 1.8ஐத் திருப்பிப் பாருங்கள், சுருக்கம் விழுந்தால் போகவே போகாது.

தாராவி தம்பி (மும்பை)

அதற்கு ஒத்துக்கொள்கிறேன். குரோம் உப்பில் பதப்படுத்திய குரோம் தோலாக இருந்தால் திருப்பலாம், பட்டைத் தோல் திருப்பினால் வெடிப்பு தெரியும். அந்தப் பையில் பக்கப் பட்டை சேரும் தையலை மட்டும் அவர் கையால் தைக்கட்டுமே? கைதான் பழகியிருக்கிறதே. தோள்பை மாதம் எத்தனை விற்கப் போகிறார்?

கைநூல் (கோவை)

இதுவரை விற்றது மூன்று. இரண்டு என் அக்காவுக்கு.

பெரியமேட்டுக்காரன் (சென்னை)

அப்போது பதில் கிடைத்துவிட்டது. பிளாட் பெட், கம்பவுண்ட் ஃபீட், சர்வோ. ஜூக்கியில் பார்த்தால் டிஎன்யு-1541 அந்த வகை, பெரிய பாபின், முழங்காலால் தூக்கினால் ஃபுட் 16 மி.மீ. வரை ஏறும், உங்கள் கைப்பிடி எட்டு மி.மீ. உள்ளே போகும். புதிது உங்கள் பட்ஜெட்டில் வராது. சீன மெஷின்கள் அதே அமைப்பில் வருகின்றன, அதிலும் நல்லது இருக்கிறது. இல்லையென்றால் ஓடிய ஜப்பான் தலை. பெல்ட், சேணம் தைக்கும் 441 வகை பெரிய மெஷினைக் காட்டி "எல்லாம் தைக்கும்" என்பார்கள், அது கிட்டத்தட்ட கயிறு மாதிரி நூலுக்கு. 0.8 தோலை அதன் பல் மென்றுவிடும். பர்ஸ்காரனுக்கு அது வேண்டாம்.

போகும்போது உங்கள் தோலை எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் நூல், உங்கள் ஊசி. கடைக்காரர் ஒரு துண்டு ரெக்சின் வைத்திருப்பார், அதில் எந்த மெஷினும் முத்து முத்தாகத் தைக்கும். ஒட்டிச் சீவிய பர்ஸ் ஓரம் ஒன்று, ஒட்டாத எட்டு மி.மீ. அடுக்கு ஒன்று, ஒற்றை 0.8 துண்டு ஒன்று. மூன்றையும் தைத்துப் பாருங்கள். பின்தையல் போடும்போது முன்னால் போன அதே ஓட்டையில் ஊசி இறங்குகிறதா பாருங்கள், பழைய மெஷினில் தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். வீலைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள், ஊசி அசையாமல் வீல் மட்டும் ஆடினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது.

மேல்தையல் (ஆம்பூர்)

ஊசி முனையையும் சொல்லி அனுப்புங்கள். இந்த மெஷின்களுக்கு 135×17, 135×16 என்று இரண்டு எழுதியிருக்கும், நீளம் ஒன்றுதான். 17 துணிக்கான உருண்டை முனை, 16 தோலுக்கான வெட்டும் முனை. தோலில் உருண்டை முனை போட்டால் ஊசி குத்தித் தள்ளும், தோல் ஊசியோடு தூக்கிக்கொண்டு வரும், தையல் விடும். வெட்டும் முனையிலும் வகை உண்டு. எல்ஆர் முனை வெட்டைச் சாய்வாகப் போடும், தையல் சாய்ந்து நிற்கும், கைத்தையல் சாயல் கொஞ்சம் வரும். எஸ் முனை தையல் போகிற திசையிலேயே வெட்டும், தையல் நேராக உள்ளே பதிந்து உட்காரும். ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் வாங்கித் தைத்துப் பாருங்கள், கண்ணுக்குப் பிடித்ததை வையுங்கள்.

தையல் தீக்குச்சி (நெல்லை)

சாயல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கைநூல் (கோவை)

மூன்று வாரம் ஆகிவிட்டது, கேட்டுவிட்டு ஓடிப்போய்விட்டான் என்று நினைத்திருப்பீர்கள்.

இரண்டு கடை போனேன். முதல் கடையில் "தோலுக்குன்னே வந்தது" என்று காட்டிய மெஷினில் ஊசிமுனை அண்ணா சொன்னபடி வீலைச் சுற்றினேன். ஊசி நகரவில்லை. அதைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மாறியது, "நீங்க மெக்கானிக்கா சார்?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை என்னை யாரோ மெக்கானிக் என்று நினைத்தார்கள், வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

இரண்டாவது இடத்தில் ஓடிய ஜப்பான் பிளாட் பெட் ஒன்று, கம்பவுண்ட், சர்வோ அவரே போட்டுத் தருகிறார். மேசையோடு சேர்த்து பட்ஜெட்டைவிட 4 ஆயிரம் அதிகம். மூன்று துண்டும் தைத்தேன். எட்டு மி.மீ. வெண்ணெய் மாதிரிப் போனது. பர்ஸ் ஓரமும் நன்றாக இருந்தது. ஒற்றை 0.8 துண்டு மட்டும் ஊசி ஓட்டைக்குள் இழுத்துக்கொண்டது, முதல் மூன்று தையல் கீழே நூல் குப்பை. வாங்கலாமா?

ஊசிமுனை (திருப்பூர்)

நூல் குப்பை உங்கள் கை. ஆரம்பிக்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் பிடித்துக்கொண்டு மூன்று தையல் போடுங்கள், அப்புறம் விடுங்கள். தோல் உள்ளே இழுப்பது ஊசித் தட்டின் ஓட்டை பெரிதாக இருப்பதால், தடித்த ஊசிக்கான தட்டு போட்டிருப்பார். சின்ன ஓட்டைத் தட்டும் அதற்குச் சேர்ந்த பல்லும் தரச் சொல்லுங்கள். ஒற்றை 0.8 பர்ஸில் எங்கே தைப்பீர்கள்? பாக்கெட் வாயில் அலங்காரத் தையல்தானே, கீழே ஒரு மெல்லிய தாள் வைத்துத் தைத்துக் கிழித்துவிடலாம். தலை நன்றாக இருந்தால் வாங்குங்கள்.

பை அக்கா (மதுரை)

மோட்டார் சிங்கிள் ஃபேஸா என்று கேட்டீர்களா?

கைநூல் (கோவை)

அக்கா, முதல் கேள்வியே அதுதான் கேட்டேன்.

கைநூல் (கோவை)

வந்து இறங்கிவிட்டது. தலையும் மேசையும் தனித்தனியாகக் கழற்றி ஏற்றியும் இடுப்பு போய்விட்டது. அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு "இதுக்கு எண்ணெய் எங்க போடுவ?" என்று கேட்டார், இப்போது எனக்கு முன்னால் அவர் எண்ணெய் போட்டுவிடுகிறார்.

முதல் நாலு நாள் நூலே போடாமல், காகிதத்தில் கோடு கிழித்து ஊசியால் ஓட்டை போட்டுப் பழகினேன். மூலை திரும்பும்போது ஊசியைக் கீழே வைத்து ஃபுட்டைத் தூக்கித் திருப்ப வேண்டும், அதிலும் ஊசி முழுக்கக் கீழே போய்க் கொஞ்சம் மேலே வரத் தொடங்கியதும் நிறுத்தினால்தான் அடுத்த தையல் விடுவதில்லை. இதை யாரும் சொல்லவில்லை, தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்தேன்.

மேல்தையல் அண்ணா சொன்ன சீவலுக்கு மெஷின் வாங்கப் பணம் இல்லை. இங்கே ஒரு பெல்ட் கடையில் சீவும் மெஷின் இருக்கிறது, 60 பர்ஸுக்கு வெட்டிய தோலையெல்லாம் ஒரே நாளில் கொண்டுபோய் ஓரம் சீவி வாங்கிவந்தேன். ஓரம் 2.3 மி.மீ. நிற்கிறது. உண்மையைச் சொன்னால், இந்தச் சீவலோடு பழைய கால் மெஷினிலேயே பாதி தைத்திருக்கலாமோ என்று ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தையலுக்கு இப்போது ஒரு பர்ஸுக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம். ஒரு தொல்லை மட்டும் போகவில்லை. கீழ்ப்பக்கம் பல் தடம் வரிவரியாக விழுகிறது, மேலே உள் ஃபுட் பதிந்த தடம் சின்னச் சின்ன நகக்குறி மாதிரி.

பெரியமேட்டுக்காரன் (சென்னை)

பட்டைத் தோல் எதையும் மறக்காது தம்பி. அதே மெஷினில் குரோம் தோலைத் தைத்தால் தடம் மெல்ல மறைந்துவிடும், இது வாங்கிக்கொள்ளும். ஃபுட் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், தோல் தூக்கித் தையல் விடுகிற இடம் வரும், அதற்கு அரைச் சுற்று முன்னால் நிறுத்துங்கள். மெஷின் வரும்போது கம்பெனிக்காரன் வைத்த அழுத்தம் பை தைக்க வைத்தது. அப்புறம் ஃபுட்டின் அடியைப் பாருங்கள், பல் வெட்டியிருந்தால் வழுவழுப்பான ஃபுட் தனியாகக் கிடைக்கும், கழற்றி மாட்டுங்கள். விளிம்பு கூராக இருந்தால் 1000 எமரியில் உருட்டிவிடுங்கள். பல்லின் முனையையும் லேசாக உருட்டலாம், ரொம்பத் தேய்த்துவிடாதீர்கள், பைக்கு அந்தப் பிடி வேண்டும். ஏற்கனவே விழுந்த தடத்தில் லேசாக ஈரம் தொட்டு எலும்புத் தேய்ப்பானால் தேய்த்தால் பாதிக்கு மேல் போகும்.

தாராவி தம்பி (மும்பை)

நாங்கள் ஒன்று செய்வோம், பர்ஸின் வெளிப்பக்கம் எப்போதும் மேலே இருக்கிற மாதிரி வைத்துத் தைப்போம். பல் தடம் உள்ளே பாக்கெட் பக்கம் போய்விடும், அங்கே யார் பார்க்கிறார்கள்? மேல் நூல் எப்போதும் கீழ் நூலைவிடக் கொஞ்சம் அழகாக விழும், அதுவும் லாபம்.

மேல்தையல் (ஆம்பூர்)

முடிவில் பின்தையல் இரண்டு போதும், நாலு போட்டால் அந்த இடம் சல்லடை ஆகி அங்கேதான் கிழியும். நூல் நுனியை மேலே வெட்டாமல், கீழ் நூலை இழுத்து மேல் நூலை அடிப்பக்கம் கொண்டுவந்து 2 மி.மீ. விட்டு வெட்டி லைட்டரால் தொடுங்கள். நைலான் உருகி மொட்டு மாதிரி ஆகும், சூடாக இருக்கும்போதே அமுக்கிவிடுங்கள். தோல் கருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிர் நிறத் தோலில் கருகினால் அந்தப் பர்ஸ் உங்களுடையது.

கைநூல் (கோவை)

அந்த வகையில் இதுவரை எனக்கு மூன்று பர்ஸ் சேர்ந்திருக்கிறது.

ஃபுட் அடி பல் வெட்டியதுதான், பார்த்தேன். வழுவழுப்பானதற்குச் சொல்லியிருக்கிறேன், அது வரும்வரை அழுத்தத்தைக் குறைத்து ஓட்டுகிறேன், மேல் தடம் நன்றாகக் குறைந்துவிட்டது. 60ல் 38 முடிந்தது. @தையல் தீக்குச்சி அண்ணா, தோள்பையின் பக்கப் பட்டையைக் கையால்தான் தைக்கப் போகிறேன், கோபம் வேண்டாம்.

தையல் தீக்குச்சி (நெல்லை)

கோபம் இல்லை. பக்கப் பட்டையைத் தைக்கும்போது மூலையில் ஓட்டைகளை எண்ணிக்கொள்ளுங்கள், உடல் பக்கம் எத்தனையோ பட்டைப் பக்கமும் அத்தனை. மூலையில்தான் எல்லோருக்கும் ஒன்று மிஞ்சும். மெஷினில் குத்துகிறீர்கள் என்றால் நூல் இல்லாமல் இரண்டையும் தனித்தனியாக மெஷினிலேயே ஓட்டை போட்டுவிட்டுக் கையால் கோர்க்கலாம், 4 மி.மீ. சரியாக வரும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பை அக்கா (மதுரை)

ஆஹா! இவர் வீட்டிலும் மெஷின் இருக்கிறது!